தீப்பிடித்தால் முதலில் முகவரி சொல்லுங்கள்



பிளஸ் டூ முடித்த கையோடு நம் மஹல்லாப் பிள்ளைகள் பலர் ஜவுளிக்கடை, செருப்புக்கடை, மொபைல் கடை என்று வேலைக்குச் சேர்கிறார்கள். பில் போடவும் ஸ்டாக் எடுக்கவும் கடையில் கற்றுத் தருகிறார்கள். போனில் எப்படிப் பேசுவது, தீப்பிடித்தால் என்ன செய்வது என்ற இரண்டையும் பெரும்பாலும் யாரும் கற்றுத் தருவதில்லை.

இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை ஓர் அனுபவத்தில்தான் நாம் உணர்ந்தோம். நமக்குத் தெரிந்த ஒரு கடையின் பின்னறையில் மின்கசிவால் அட்டைப்பெட்டிகள் பற்றிக்கொண்டன. அங்கிருந்த பையன் உடனே 101-க்கு அழைத்து, "கடை எரியுது, சீக்கிரம் வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். எந்தக் கடை, எந்தத் தெரு என்று சொல்லவில்லை. தீயணைப்பு நிலையத்திலிருந்து திரும்ப அழைத்தபோது அவன் முதலாளியுடன் பேசிக்கொண்டிருந்தான், லைன் கிடைக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர் முகவரி சொன்ன பிறகே வண்டி புறப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், உயிர்ச்சேதம் இல்லை, சரக்கு போயிற்று. பையனைக் குறை சொல்வதற்கில்லை. பழகாததைப் பதற்றத்தில் யாராலும் சரியாகச் செய்ய முடியாது.

அந்தப் பழக்கம் அன்றாடப் பேச்சிலேயே வரவேண்டும். கடை போனை எடுத்ததும் முகமன் கூறி, கடையின் பெயரையும் தன் பெயரையும் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடக் கூடாது. எண், முகவரி, தொகை ஆகியவற்றை எழுதிக்கொண்டு ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். அழைத்தவர் வைத்த பிறகே நாம் வைக்க வேண்டும்.

தீயணைப்பு நிலையத்துக்குப் பேசும்போதும் இதே ஒழுங்குதான். சொல்ல வேண்டியவை:

1. கடையின் பெயர், தெரு, பகுதி, அருகிலுள்ள அடையாளம்.
2. எரிவது என்ன? மின்சாரமா, துணியா, எண்ணெயா, கேஸ் சிலிண்டரா?
3. எத்தனையாவது மாடி? உள்ளே யாரேனும் சிக்கியிருக்கிறார்களா?
4. நம் எண். அவர்கள் போதும் என்று சொல்லும்வரை வைக்கக் கூடாது. அதன்பின் அந்த எண்ணில் வேறு யாரிடமும் பேசக் கூடாது.

தீக்கு 101, எந்த அவசரத்துக்கும் 112, ஆம்புலன்ஸுக்கு 108, சமையல் கேஸ் கசிவுக்கு 1906. கேஸ் வாசனை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்த பிறகே போனை எடுக்க வேண்டும்.

ஒருவர் பேசும்போதே மற்றவர்கள் எல்லோரையும் வெளியேற்ற வேண்டும். லிஃப்ட் வேண்டாம், படிக்கட்டுதான். புகை சூழ்ந்தால் குனிந்து, முடிந்தால் தவழ்ந்து வெளியேற வேண்டும். மின்சாரத் தீயிலும் எண்ணெய்த் தீயிலும் தண்ணீர் ஊற்றக் கூடாது. தீ சிறியதாக இருந்து, வெளியேறும் வழி நம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மட்டுமே தீயணைப்புக் கருவியை எடுக்கலாம். பின்னை இழுத்து, நெருப்பின் அடிப்பகுதியில் அடிக்க வேண்டும். வெளியே ஓரிடத்தில் கூடித் தலை எண்ண வேண்டும். ஒருவர் தெருமுனையில் நின்று வண்டிக்கு வழிகாட்ட வேண்டும். கல்லாப்பெட்டிக்காக யாரும் திரும்ப உள்ளே போகக் கூடாது.

கடை நடத்தும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலை பார்க்கும் பிள்ளைகள் இரவில் கடையிலேயே தூங்குவதும், திருட்டுக்குப் பயந்து ஷட்டரை வெளியே பூட்டிவிட்டுப் போவதும் நாம் அறிந்ததே. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் குழந்தைகள் 94 பேரை இழந்தோம். தப்பிக்க வழியில்லாத இடத்தில் எந்தப் பயிற்சியும் உதவாது. ஆள் தூங்கும் இடத்தை வெளியே பூட்டாதீர்கள். உள்ளிருந்து திறக்கும் வழி ஒன்று கட்டாயம் இருக்கட்டும்; அதன்முன் சரக்கை அடுக்காதீர்கள். வேலைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் இதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த வாரமே உங்கள் பிள்ளையை அருகில் அமர்த்தி, வேலை செய்யும் இடத்தின் முகவரியைத் தடுமாறாமல் சொல்லச் சொல்லுங்கள். அடையாளத்தோடு சொல்லிவிட்டால், பாதிப் பாடம் முடிந்தது. அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக.