கைபேசி வழி வருகையைத் தனியே கணக்கிடுவது ஏன்? சராசரி எண் மறைக்கும் விவரங்கள்

பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட ஆடை விற்பனை நிறுவனமான மிந்த்ரா, 2015-ஆம் ஆண்டு மே மாதம் தனது இணையதளத்தை மூடிவிட்டு முழுமையாகச் செயலிக்கு மாறியது. விற்பனையில் சுமார் 70 சதவீதம் கைபேசி வழியே நடைபெறுகிறது என்பது அப்போது காரணமாக முன்வைக்கப்பட்டது. ஓராண்டு கழித்து, 2016 ஜூன் மாதத்தில், கணினிக்கான இணையதளத்தை அந்நிறுவனம் மீண்டும் திறந்தது. 70 சதவீதம் என்ற எண்ணில் பிழையில்லை. எஞ்சிய 30 சதவீத விற்பனை யாரிடமிருந்து, எந்தச் சூழலில் வருகிறது என்ற கேள்விதான் அந்த எண்ணுக்குள் அடங்கவில்லை.

மிந்த்ராவின் தாய் நிறுவனமான ஃபிளிப்கார்ட்டும் 2015-இல் கைபேசி உலாவிக்கான தனது தளத்தை நிறுத்தி, வாடிக்கையாளர்களைச் செயலிக்கு அனுப்பியது. அதே ஆண்டு நவம்பரில் ‘ஃபிளிப்கார்ட் லைட்’ என்ற பெயரில் எடை குறைந்த தளத்தைக் கொண்டுவர நேர்ந்தது. இதுகுறித்து கூகுள் வெளியிட்ட விவரங்களின்படி, அத்தளத்தைப் பயன்படுத்தியோரில் 63 சதவீதத்தினர் 2ஜி இணைப்பில் இருந்தனர். பழைய தளத்தில் 70 விநாடிகளாக இருந்த சராசரி நேரம், புதிய தளத்தில் மூன்றரை நிமிடங்களாக உயர்ந்தது. செயலியைப் பதிவிறக்கக் கைபேசியில் இடமும், இணைப்பில் வேகமும் இல்லாதவர்களும் வாங்க விரும்பும் வாடிக்கையாளர்களே என்பதை இந்த எண்கள் காட்டின.

பெருநிறுவனங்களுக்கே இந்நிலை எனில், சிறு வணிகர்களின் சிக்கல் வேறுவிதமானது. அவர்களில் பலர் மாத இறுதியில் மொத்த வருகை, மொத்த ஆர்டர் ஆகிய இரண்டை மட்டுமே பார்க்கின்றனர். ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஒரு சேலைக் கடையின் தளத்துக்கு மாதம் 10,000 வருகைகள். அவற்றுள் கைபேசி 8,000, கணினி 2,000. கைபேசியில் 100-க்கு ஒருவரும், கணினியில் 100-க்கு நால்வரும் வாங்குகின்றனர் எனில், இரு வழிகளிலும் தலா 80 ஆர்டர்கள் கிடைக்கும். மொத்தம் 160, சராசரி 1.6 சதவீதம்.

அடுத்த மாதம் கைபேசி வருகை 12,000 ஆகிறது. வேறு எதுவும் மாறவில்லை. ஆர்டர்கள் 200 ஆக உயர்கின்றன. ஆயினும் சராசரி 1.43 சதவீதமாகக் குறைகிறது. தளம் பழுதடைந்துவிட்டதோ என்று உரிமையாளர் கவலைப்பட இது போதும். உண்மையில் அவர் கவலைப்பட வேண்டியது வேறொன்றைக் குறித்து: கணினியில் நால்வர் வாங்கும் இடத்தில் கைபேசியில் ஒருவர் மட்டுமே ஏன் வாங்குகிறார்? சராசரியைப் பிரித்துப் பார்க்காதவரை இக்கேள்வி எழவே எழாது.

வாடிக்கையாளர் எங்கே விலகுகிறார்?

விடை பெரும்பாலும் சிறிய காரணங்களில்தான் இருக்கிறது. கடைப் பணியாளர் அலுவலக வைஃபை இணைப்பில் தளத்தைச் சோதிக்கிறார். வாடிக்கையாளரோ ஓடும் பேருந்திலிருந்து திறக்கிறார். பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 விநாடிக்குள் திரையில் தோன்ற வேண்டும், அதுவும் நான்கில் மூன்று வருகைகளிலேனும் அவ்வாறு அமைய வேண்டும் என்பது கூகுள் வகுத்துள்ள அளவுகோல். முகவரிப் படிவத்தில் அஞ்சல் குறியீட்டை இடும்போது எண் விசைப்பலகைக்குப் பதிலாக எழுத்து விசைப்பலகை திறப்பதும், ‘வாங்கு’ பொத்தான் விளம்பரப் பட்டைக்கு அடியில் மறைவதும் கணினித் திரையில் தெரியாத குறைகள். பொருள் பக்கம், கூடை, முகவரி, கட்டணம் என ஒவ்வொரு படியிலும் கைபேசி வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் எஞ்சுகின்றனர் என்று எண்ணினால், குறை இருக்கும் படி புலப்படும்.

தேடல் தரவரிசையும் இதனோடு தொடர்புடையது. கூகுள் இப்போது ஒரு தளத்தின் கைபேசி வடிவத்தையே முதன்மையாகக் கொண்டு பட்டியலிடுகிறது. கணினியில் மட்டும் இடம்பெற்று, கைபேசி வடிவத்தில் விடுபட்ட பொருள் விவரம் தேடலுக்கு ஏறக்குறைய இல்லாததற்குச் சமம்.

எண்களும் ஏமாற்றக்கூடும்

கைபேசிக் கணக்கை அப்படியே நம்புவதிலும் இடர் உண்டு. வாட்ஸ்அப்பில் பகிரப்படும் இணைப்பைத் தொட்டு வருவோர், பெரும்பாலும் ‘நேரடி வருகை’ என்றே அனலிட்டிக்ஸ் கணக்கில் பதிவாகின்றனர். கடையின் குழுச் செய்திகள் ஈட்டித்தந்த விற்பனை, முகவரியைத் தாமே தட்டச்சு செய்து வந்தவர்களின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இணைப்பின் இறுதியில் ஓர் அடையாளக் குறியீட்டைச் சேர்த்து அனுப்பினால் இது தீரும், செலவு ஏதுமில்லை.

கட்டணத்தின்போது நேர்வது இன்னும் நுட்பமானது. வாடிக்கையாளர் உலாவியிலிருந்து யுபிஐ செயலிக்குச் சென்று பணம் செலுத்துகிறார். உலாவிக்குத் திரும்பாமலே கைபேசியை வைத்துவிட்டால், ‘நன்றி’ பக்கம் திறப்பதில்லை. பணம் வந்தும் ஆர்டர் கணக்கில் ஏறுவதில்லை. கட்டணச் சேவைத் தளத்தின் வழியே திரும்பினால், அத்தளமே வாடிக்கையாளரை அனுப்பியதாகப் பதிவாகவும் கூடும். எனவே அனலிட்டிக்ஸ் காட்டும் ஆர்டர் எண்ணிக்கையை வங்கிக் கணக்குடன் மாதம் ஒருமுறையேனும் ஒப்பிடுவது அவசியம். மேலும், பகலில் கைபேசியில் பார்த்துவிட்டு இரவில் கணினியில் வாங்குபவர் இருவராக எண்ணப்படுவதால், கைபேசியின் பங்கு உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றுவதும் உண்டு.

கண்காணிப்புக்குச் சட்ட வரம்பும் வந்துள்ளது. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன்படி, தனிநபர் தரவைத் திரட்டுவதற்குத் தெளிவான அறிவிப்புடன் கூடிய ஒப்புதல் பொதுவாகத் தேவை. 18 வயதுக்குட்பட்டோரின் நடத்தையைக் கண்காணிப்பதற்கும் அவர்களை இலக்காகக் கொண்டு விளம்பரம் செய்வதற்கும் தடை உள்ளது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; முதன்மையான கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் அளிக்கப்பட்டுள்ளது.