டாக்டர்கள் ஸ்டிரைக்: நாம் யார் பக்கம்?



சமீபத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் வரவு வைத்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டாச்சு. பேச்சு ஆஸ்பத்திரி பக்கம் திரும்பியது. "2019ல டாக்டருங்க ஸ்டிரைக் பண்ணாங்களே, அப்ப பட்ட கடனை ரெண்டு வருஷம் கட்டினேன்" என்றார் ஒரு அக்கா.

அவருக்குக் கர்ப்பப்பையில் கட்டி. அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். துணைக்கு மகளை வரவழைத்துக்கொண்டு போனால், "ஸ்டிரைக் முடிஞ்சதும் வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உதிரப்போக்கு நிற்கவில்லை. பொறுக்க முடியாமல் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். தோடு அடகுக்குப் போனது. போதாததற்குக் குழுவில் உள்கடன் 15,000 ரூபாய்.

"லட்ச லட்சமா சம்பாதிக்கிறவங்களுக்கு இன்னும் என்ன வேணுமாம்?" என்று அவர் கேட்டபோது யாரும் மறுத்துப் பேசவில்லை. என்னாலும் பேச முடியவில்லை. அந்த அக்காவின் கோபம் நியாயமானது.

ஆனால், "அப்ப டாக்டருங்க என்ன கேட்டாங்கன்னு தெரியுமா?" என்று நான் கேட்டதற்கு ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. "சம்பளம்தான், வேறென்ன" என்றார்கள். நம் கடன் பதிவேடு வரைக்கும் வந்து நின்ற ஒரு போராட்டத்தின் காரணம் நமக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அன்று நடந்தது என்ன?

2019 அக்டோபர் 25. மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த நாள். நாம் எல்லோரும் டி.வி. முன்னால் கண்ணீரோடு உட்கார்ந்திருந்தோமே, அதே நாளில்தான் அரசு மருத்துவர்கள் சங்கங்களின் கூட்டமைப்பு காலவரையற்ற வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது. ஒரு வாரம் நடந்தது. அவசர சிகிச்சையை நிறுத்தவில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனால் பல இடங்களில் ஓ.பி.யும், தேதி குறித்த ஆபரேஷன்களும் பாதிக்கப்பட்டன.

அவர்களுடைய முக்கியக் கோரிக்கைகள் நான்கு.

1. சம்பளம்: மத்திய அரசு மருத்துவர் 13 ஆண்டு பணியில் எட்டுகிற ஊதிய நிலைக்கு, தமிழக அரசு மருத்துவர் 20 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2009இல் வந்த 354ஆம் எண் அரசாணையின்படி இதைச் சரிசெய்து, குறித்த காலத்தில் ஊதிய உயர்வு தர வேண்டும் என்றார்கள்.

2. பணியிடங்கள்: இந்திய மருத்துவக் கவுன்சில் சொன்ன குறைந்தபட்சக் கணக்கைக் காட்டி மருத்துவர் இடங்களைக் குறைக்கக் கூடாது. வருகிற நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மருத்துவர்களைப் போட வேண்டும்.

3. மேற்படிப்பு: அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் 50 சதவீத இடங்களைத் திரும்பத் தர வேண்டும்.

4. பணியிட மாறுதல்: மேற்படிப்பு முடித்தவர்களை இஷ்டத்துக்குத் தூக்கிப் போடாமல், கலந்தாய்வு வைத்து இடம் ஒதுக்க வேண்டும்.

இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். முதல் கோரிக்கை அவர்களுடைய பைக்கானது, சரி. இரண்டாவது யாருக்கானது? ஓ.பி. சீட்டை வாங்கிக்கொண்டு காலையிலிருந்து மத்தியானம் வரை வரிசையில் நிற்பது நாம்தானே? மூன்றாவதும் நமக்குச் சம்பந்தம் இல்லாததல்ல. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவர்தான் மேற்படிப்பு முடித்து, ஜி.எச்.சில் பிரசவ டாக்டராகவும் குழந்தை டாக்டராகவும் வருகிறார். இந்த வழி அடைபட்டால் கிராமத்துக்கு வர யார் விரும்புவார்கள்?

முடிவு எப்படி வந்தது?

வேலைக்குத் திரும்பாவிட்டால் பணிமுறிவு ஏற்படும், அந்த இடங்களில் புதியவர்களை நியமிப்போம் என்று அரசு எச்சரித்தது. அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி வேலைக்குத் திரும்பும்படி கேட்டுக்கொண்டார். நவம்பர் 1ஆம் தேதி மருத்துவர்கள் போராட்டத்தை விலக்கிக்கொண்டார்கள். ஆனாலும் போராட்டத்தில் இருந்த பலருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும், இடமாற்ற உத்தரவும் வந்தன. 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் மாநில அரசு இட ஒதுக்கீடு தரலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, "பேராசை" என்று நாம் ஒதுக்கிய போராட்டத்தின் ஒரு கோரிக்கைக்கு வழி இருக்கிறது என்று நாட்டின் பெரிய கோர்ட்டே சொல்லிவிட்டது.

நமக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது?

பஸ் ஓடாவிட்டால் திட்டிக்கொண்டே நடந்து போகிறோம். டாக்டர் வராவிட்டால் நடந்து எங்கே போவது? அதனால் கோபம் வரத்தான் செய்யும். இன்னொரு காரணமும் உண்டு. காலையில் அரசு ஆஸ்பத்திரியில் பார்த்த அதே டாக்டரை சாயந்திரம் அவருடைய சொந்த கிளினிக்கில் காசு கொடுத்துப் பார்த்திருக்கிறோம். "இவங்களுக்கா குறை?" என்று தோன்றுவது இயல்புதான்.

இப்படிப்பட்ட நாம்தான் 2020 மார்ச் 22 அன்று, கொரோனா நேரத்தில், வாசலில் நின்று மருத்துவர்களுக்காகக் கை தட்டினோம். தெய்வம் என்றோம். அடுத்த மாதமே சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கல்லெறிந்ததும் மக்கள்தான். ஆறே மாதத்தில் பேராசைக்காரர், தெய்வம், தீண்டக்கூடாதவர் என்று மூன்று பட்டம் கொடுத்துவிட்டோம். மூன்றும் சரியில்லை. அவர்களும் வேலை பார்த்துச் சம்பளம் வாங்குகிற மனுஷங்கதான்.

நம்மை வைத்தே யோசிப்போம். நூறு நாள் வேலைக் கூலி மாதக்கணக்கில் வராதபோது பி.டி.ஓ. ஆபீஸ் முன்னால் நாம் உட்காரவில்லையா? 2021இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கிற தன்னார்வலர்கள் நம் குழுப் பெண்கள்தானே? நாளைக்கு அவர்கள் ஊக்கத்தொகையை உயர்த்திக் கேட்டால், "இவளுக்கு என்ன பேராசை" என்று சொல்வோமா?

டாக்டர்களுக்கும் கடமை உண்டு

அதற்காக அவர்கள் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. வேலைநிறுத்தம் செய்வது அரசு ஊழியரின் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2003இல், தமிழ்நாட்டு வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. உரிமை இருக்கிறதோ இல்லையோ, பிரசவ வார்டும், விபத்துப் பிரிவும், டயாலிசிஸும் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. ஆபரேஷன் தேதி தள்ளிப்போனால், மறுதேதியை எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும். அந்த அக்காவுக்கு ஒரு தேதி மட்டும் சொல்லியிருந்தால் தோடு அடகுக்குப் போயிருக்குமா? அதேபோல, கோரிக்கை மனு வந்த நாளிலேயே கூப்பிட்டுப் பேசாமல், ஓ.பி. காலியான பிறகு பேசுவது அரசின் தவறு. ரெண்டு பேரும் இழுத்தடிப்பதற்கு வட்டி கட்டுவது நாம்.

இனி நாம் செய்ய வேண்டியது

* ஸ்டிரைக் என்று கேள்விப்பட்டதும், கோரிக்கை என்ன என்று கேளுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் அதைப் படித்துப் பேசுங்கள்.
* எந்தப் பிரிவு நடக்கிறது, எது நடக்கவில்லை என்று கிராம செவிலியரிடம் விசாரியுங்கள். 104க்கு போன் செய்தும் கேட்கலாம். அவசரம் என்றால் தயங்காமல் 108.
* ஊரில் யாருக்கு நிறைமாதம், யாருக்கு ஆபரேஷன் தேதி இருக்கிறது என்று குழுவாக ஒரு பட்டியல் வைத்திருங்கள்.
* தேதி தள்ளிப்போனால் மறுதேதியை சீட்டில் எழுதி வாங்காமல் திரும்பாதீர்கள். வலியோ உதிரப்போக்கோ அதிகமானால் தேதிக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.
* வாசலில் இருக்கும் நர்சம்மாவையும், பயிற்சி டாக்டரையும் திட்டாதீர்கள். அன்று வேலைக்கு வந்தவர்கள் அவர்கள்தான்.
* நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை டாக்டர் இடம், அதில் எத்தனை காலி என்று கேட்டு, கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்கள் கொடியேற்றி மிட்டாய் வாங்குவதற்கு மட்டும் அல்ல.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது அந்த அக்கா என்னிடம் சொன்னார்: "டாக்டரு கூடுதலா வேணும்னு அவங்க கேட்டது எனக்கும் சேர்த்துதான்னா, அதை அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நானும் கூட உட்கார்ந்திருப்பேனே."

இதை மருத்துவர்களும் கேட்க வேண்டும், அரசும் கேட்க வேண்டும். நாமும் கேட்டுத் தெரிந்துகொண்டு பேசப் பழகுவோம்.

உங்கள் குழுவில் பேசிப் பாருங்கள்: நம் ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லாமல் நீங்கள் திரும்பி வந்த நாள் எது? அன்று காரணம் என்ன என்று கேட்டீர்களா?