வணிக மடலின் உறுப்புக்கள்

மடல் என்பது எதிரில் இல்லாதாரோடு நிகழ்த்தும் உரையாட்டு. எதிரில் இருப்பவர் தமக்கு ஐயம் எழுமாயின் உடனே வினவித் தெளிவர். மடலைப் பெற்றவரோ எழுதப்பட்டதொன்றையே பற்றி நிற்பவர். உறவினர்க்கும் நண்பர்க்கும் விடுக்கும் மடலில் இக்குறை பெரிதும் தோன்றாது. எழுதியவர் இயல்பைப் பெற்றவர் முன்னரே அறிவர். வணிக மடலின் நிலை வேறு. அதனை இன்று படிப்பவர் ஒருவர். சில ஆண்டு கழித்துக் கணக்குத் தணிக்கையிலோ வழக்கு மன்றத்திலோ படிப்பவர் மற்றொருவர். பின்னவர் எழுதியவரையும் அறியார், பெற்றவரையும் அறியார். அவர்க்கும் பொருள் ஐயமின்றி விளங்குமாறு அமைவதே வணிக மடலின் இலக்கணமாகும். அதன் உறுப்புக்கள் அழகு கருதி அமைந்தன அல்ல. ஒவ்வொன்றும் ஓர் ஐயத்தை அகற்றுதற்கென அமைந்தது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

சிலப்பதிகாரத்துப் புறஞ்சேரி இறுத்த காதையில், மாதவி விடுத்த ஓலையைக் கோசிகன் கோவலனிடம் சேர்க்கின்றான். ஓலையின்மேல் இட்ட மண்பொறியில் அவள் கூந்தல் மணம் கமழ்ந்தமையின், விடுத்தவர் இன்னார் என்பதைக் கோவலன் அதனைப் பிரிக்குமுன்னரே உணர்ந்தான். ஓலையின் வாசகத்திலோ எழுதியவர் பெயரும் இல்லை. பெறுபவர் பெயரும் இல்லை. அதனாலன்றோ, அவ்வாசகம் தான் தன் பெற்றோர்க்கு உரைப்பதற்கும் பொருந்துவதாகக் கண்டு, அவ்வோலையையே அவர்களிடம் சேர்ப்பிக்குமாறு கோசிகனிடம் அளித்தான். ஓர் ஓலை இருவர்க்குப் பொருந்துதல் காப்பியத்தில் நயமாகும். வணிகத்தில் அதுவே வழக்குக்கு வித்தாகும்.

இனி, பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தை நோக்குவாம். முதியவர் காட்டிய ஆள் ஓலையை நம்பியாரூரர் கிழித்தெறிந்தார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர், கிழிக்கப்பட்டது படியோலையே என்று கூறி மூல ஓலையைக் காட்டினார். அவையினர் ஆரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, இரண்டன் எழுத்தையும் ஒப்புநோக்கி முடிவு கூறினர். அது மடல் அன்று, ஆவணமே. எனினும் படி எடுத்துக் காத்தலும், எழுதியவர் எழுத்தால் உண்மை துணிதலும் நம் நாட்டில் நன்கு அறியப்பட்டிருந்தமை இதனால் விளங்கும்.

சோழர் காலத்து ஆட்சி ஓலைகளில் இம்முறை மேலும் விரிந்தது. முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டு ஆணையைக் கூறும் ஆனைமங்கலச் செப்பேடு முதலியவற்றால், அரசன் வாய்மொழியைத் திருமந்திர ஓலை எனும் அலுவலர் எழுதியதும், திருமந்திர ஓலை நாயகம் என்பார் அதனை ஒப்பியதும் அறியப்படும். ஆட்சியாண்டு எண்ணிக் குறிக்கப்பட்டது. கையெழுத்திட்டோர், இவை இன்னார் எழுத்து என்று தம் பெயரை வெளிப்படக் கூறினர். எவர் பொறுப்பு, எந்நாள் என்னும் வினாக்களுக்கு அங்கேயே விடை உளது.

இற்றை வணிக மடலின் உறுப்புக்களை இந்நோக்கில் காண்பாம். 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின் பின்னர் அரசு அலுவலகங்களில் தமிழ் மடல் பெருகியது. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்னும் தலைப்புக்கள் அவ்வழக்கில் நிலைபெற்றன. வணிக மடலுக்கும் அவை பொருந்துவனவே.

அனுப்புநர் பகுதியில் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இடம்பெறும். இது விருப்பத்தைப் பொறுத்ததன்று. 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, நிறுமம் ஒவ்வொன்றும் தன் பெயர், பதிவு அலுவலக முகவரி, நிறும அடையாள எண் முதலியவற்றைத் தன் வணிக மடல்களில் அச்சிடுமாறு விதிக்கின்றது. பெறுநர் பகுதியில் ஆள் பெயரோடு பதவிப் பெயரும் வேண்டும். ஆள் மாறினும் பதவி நிலைத்திருக்கும்.

நாள் இன்றியமையாதது. 5-6 என்று எழுதின் சூன் 5ஆம் நாளோ மே 6ஆம் நாளோ என ஐயம் எழும். ஆதலின் திங்களை எழுத்தால் எழுதுதல் நன்று. நாளின் பயனைச் சட்டம் காட்டும். விற்ற சரக்கின் விலையைக் கேட்டு வழக்கிடுதற்குப் பொதுவாக உரிய காலம் மூன்றாண்டு. அக்காலம் கழியுமுன்னர்க் கடன்பட்டவர் அக்கடனை ஒப்பி எழுதிக் கையெழுத்திடுவராயின், கையெழுத்திட்ட நாள் முதலாகப் புதிய காலக்கணக்குத் தொடங்கும் என்பது 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. நாள் குறியாத ஒப்புகை மடல், எழுதப்பட்ட காலத்தை வேறு சான்றால் மெய்ப்பிக்கும் சுமையைக் கடன் கொடுத்தவர்மேல் ஏற்றுகின்றது. ஒருவரிக் குறைவால் ஒரு குடும்பத்தின் முதலே இழக்கப்படுதலும் கூடும்.

பொருள் என்பது மடலின் கருத்தை ஒருவரியில் உணர்த்துவது. பார்வை என்பது முன் நிகழ்ந்த மடல்களின் எண்ணையும் நாளையும் காட்டுவது. அஃதின்றேல் மடல் தொடர்பற்ற தனித்தாளாகும். மின்னஞ்சலிலும் இவ்விரண்டும் வேண்டும். 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்பதிவுகட்குச் சட்ட ஏற்பு அளித்தமையின், திரையில் எழுதியது விளையாட்டுரை என்று கருதற்க.

மடலின் உடற்பகுதி மூன்று கூறுடையது: நிகழ்ந்தது யாது, வேண்டுவது யாது, எந்நாளுக்குள் என்பன. 'தங்கள் சரக்கு வந்தது; சில குறையுடையன; ஆவன செய்க' என்னும் மடலில் மூன்றும் இல. 'மார்ச்சு 3ஆம் நாள் தாங்கள் விடுத்த 40 சிப்பங்களுள் 6 நனைந்திருந்தன. அவற்றுக்கு ஈடாக வேறு 6 சிப்பங்களை மார்ச்சு 25ஆம் நாளுக்குள் அனுப்ப வேண்டுகின்றோம்' என்பதில் மூன்றும் உள. பின்னதில் கடுஞ்சொல் ஒன்றும் இல்லை. எனினும் முன்னதினும் வன்மை மிக்கது. பணத்தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுக. நலம் வினவும் தொடர்கள் உறவு மடலுக்கு உரியன. ஐயா, அம்மையீர் என்னும் விளியும், தாங்கள் என்னும் பன்மையும் வணிக மடலின் பணிவுக்குப் போதும்.

முடிப்பில், தங்கள் உண்மையுள்ள என்று எழுதுதல் ஆங்கில மடல் மரபினின்று வந்தது. இப்படிக்கு என்பது நம் ஆவண வழக்கு. மேலே கூறியபடிக்கு யான் உடன்பட்டேன் என்னும் கருத்தை அது தன்னுள் அடக்கி நிற்றலின், பொறுப்பேற்கும் மடலுக்கு அதுவே பொருத்தமுடைத்து. கையெழுத்தின் கீழ்ப் பெயரும் பதவியும் தெளிவுற எழுதப்படல் வேண்டும். இணைப்புக்களை எண்ணிட்டுக் குறித்தலும், நகல் எவர்க்கு விடுக்கப்பட்டது என்பதைக் காட்டுதலும், ஒருபடியைத் தம்மிடம் காத்தலும் இறுதிக் கடமைகள்.

தொகுத்து நோக்கின், மண்பொறியின் இடத்தைக் கையெழுத்தும், படியோலையின் இடத்தை நகலும், ஆட்சியாண்டின் இடத்தை நாளும் பெற்றுள்ளமை புலப்படும். கருவி மாறினும் வினாக்கள் மாறவில்லை. ஆதலின் மாணவர்க்கு இவ்வமைப்பைக் கற்பிப்போர், இன்ன இடத்தில் இன்னது எழுதுக என்று இடம் வகுத்தலோடு அமையாது, இன்ன ஐயம் நீங்குதற்கு இன்னது எழுதுக என்று காரணமும் உரைத்தல் கடனாகும். காரணம் அறிந்தவர் அமைப்பை மறவார். மறப்பினும் தாமே மீளக் கண்டுகொள்வர்.