குற்றக் கூண்டில் ஒரு நீதிபதி

நல்ல நீதிபதிகளால் நீதி தழைக்கும் என்பதை யாவரும் அறிவோம். குறைகள் மலிந்த ஒரு நீதிபதியின் வழக்கினாலும் நீதிமன்றத்திற்குக் காப்பு உண்டாகலாம் என்பதே இன்று நான் எடுத்துரைக்க விரும்பும் செய்தி. அந்த நீதிபதி அமெரிக்க நாட்டுச் சாமுவேல் சேஸ்.

1741-ஆம் ஆண்டு மேரிலாந்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்த சேஸ், சட்டம் பயின்று 1761-இல் வழக்கறிஞரானார். பிரிட்டிஷார் விதித்த முத்திரை வரியை முன்னின்று எதிர்த்தார். 1776-இல் சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டார். எனினும், படைக்கு மாவு வாங்கப்போகும் இரகசியத்தை அறிந்து ஆதாயம் தேட முயன்றார் என்று 1778-இல் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் அவரைச் சாடினார். 1788-இல் புதிய அரசியல் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த இவரே, பின்னர் அதனைப் போற்றிய பெடரலிஸ்டுக் கட்சியின் தீவிர ஆதரவாளரானார். 1796-இல் ஜனாதிபதி வாஷிங்டன் அவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமித்தார்.

நீதிபீடத்தில் அமர்ந்த பின்னும் கட்சிப் பற்று அவரைவிட்டு அகலவில்லை. ஜனாதிபதி ஆடம்ஸைத் தாக்கி எழுதிய கேலண்டர் என்பவரை 1800-இல் ரிச்மண்டு நகரில் அவர் விசாரித்தார். அவர் காட்டிய கடுமையைப் பொறாமல் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் வெளியேறினர். கேலண்டருக்கு ஒன்பது மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. 1803-இல் பால்டிமோர் நகரில், ஜூரர்களுக்கு அறிவுரை கூறவேண்டிய இடத்தில், ஜெபர்சன் கட்சியாரின் சீர்திருத்தங்களைக் கண்டித்துப் பேசினார்.

வெகுண்ட பிரதிநிதிகள் சபை 1804-இல் அவர்மீது எட்டுக் குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது. செனட் சபை நீதிமன்றமாக அமர்ந்தது. தலைமை வகித்த உதவி ஜனாதிபதி ஆரன் பர், சில திங்களுக்கு முன்தான் துப்பாக்கிச் சண்டையில் ஹாமில்டனைக் கொன்றவர்!

அங்கு எழுந்த வினா ஒன்றே: தவறான கருத்துடைய நீதிபதியை விலக்கிவிடலாமா? அல்லது, சட்டம் கூறும் குற்றம் மெய்ப்பிக்கப்படல் வேண்டுமா? முன்னதை ஏற்றிருந்தால், ஆட்சி மாறுந்தோறும் நீதிபதிகளும் மாற நேர்ந்திருக்கும்.

செனட்டர்கள் 34 பேர். அவருள் 25 பேர் ஜெபர்சன் கட்சியினர். பதவி நீக்கத்திற்குத் தேவையானவை 23 வாக்குகளே. ஆயினும், 1805 மார்ச் 1-ஆம் நாள், மிகுதியான வாக்குப் பெற்ற குற்றச்சாட்டிற்கும் 19 வாக்குகளே கிடைத்தன. சொந்தக் கட்சியின் விருப்பத்திற்கு மாறாகச் சிலர் வாக்களித்தமையால் சேஸ் விடுதலை பெற்றார். 1811-இல் இறக்கும்வரை பதவியில் இருந்தார்.

சேஸின் நடத்தையை நான் போற்றவில்லை. அச்செனட்டர்களின் நிதானத்தையே போற்றுகிறேன். அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி எவரும் இம்முறையில் இன்றுவரை நீக்கப்பட்டதில்லை. நீதிபீடத்தில் கட்சி பேசலாகாது என்ற பாடத்தையும் நீதிபதிகள் அவ்வழக்கில் கற்றனர். நமக்கு ஒவ்வாத ஒருவருக்கும் சட்டம் காவலாக நிற்கும்போதுதான், அது நம் அனைவருக்கும் காவலாகிறது.