உங்களுக்குத் தெரியுமா? அன்னாசி நாக்கை அறுப்பது ஏன்?
பச்சை அன்னாசியைத் தின்றதும் நாக்கு சுருசுருவென்று எரிவதற்குப் புளிப்பு மட்டும் காரணமல்ல. அதைவிடப் புளிப்பான எலுமிச்சை அப்படிக் குத்துவதில்லையே. அன்னாசியில் கண்ணுக்குத் தெரியாத கால்சியம் ஆக்சலேட் ஊசிகளும், புரதத்தைச் சிதைக்கும் புரோமலைன் நொதியும் இருக்கின்றன. ஊசி ஒன்றே போதாதா என்று கேட்கலாம். வேகவைத்தாலும் ஊசி கரையாது, நொதிதான் செயலிழக்கும்; சூடாக்கி டின்னில் அடைத்த அன்னாசியோ நாக்கை அறுப்பதில்லை. 2014இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், கிவிப் பழத்து ஊசிகளையும் இத்தகைய நொதியையும் தனித்தனியே தின்ற பட்டுப்புழுக்களுக்குப் பெரிய தீங்கில்லை. சேர்த்துத் தின்றவை மடிந்தன. புழு வேறு, மனித நாக்கு வேறுதான். ஆனாலும் ஊசி துளையிட, நொதி உள்ளே நுழைகிறது என்ற விளக்கமே டின் பழத்தோடும் பொருந்துகிறது. உதடோ தொண்டையோ வீங்கினால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.