தகப்பனாக விடாத உலோகம்

ஆடி அமாவாசையன்று யாழ்ப்பாணத்தின் கீரிமலையில் தகப்பனை இழந்தவர்களின் கூட்டம் அலைமோதும். பிதிர்க்கடன் கழித்து, கடலில் முழுகி, பிறகு கரையோரக் கேணியில் உப்புப் போகக் குளிப்பார்கள். கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் கேணியில் நன்னீர்! உள்ளூரில் பெய்த மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிலத்தடியில் வடக்கே நகர்ந்து, இங்கே ஊற்றாக வெளிவருகிறது.

அழகான ஏற்பாடுதான். ஆனால் வெடிப்பு விட்ட கல் வடிகட்டி அல்ல. தோட்டத்து உரமும் பற்றரிக் கழிவும் அதே வழியால் கீழே போகலாம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று இலங்கை உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. எண்ணெயை நாக்கும் மூக்கும் காட்டிக்கொடுத்துவிடும். ஈயத்துக்கும் கட்மியத்துக்கும் மணமும் இல்லை, நிறமும் இல்லை. அவை குறிவைக்கும் இடங்களில் ஒன்று, ஒருவன் தகப்பனாவதற்கே அடிப்படையான விரை.

கட்மியம் விரையை அழிப்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் செக்கோஸ்லோவாக்கியாவின் பாரிஸெக்கும் ஸாஹோரும். எலிகளுக்குச் சிறிதளவு கட்மிய உப்பை ஊசியால் ஏற்றியபோது எலிகள் பிழைத்துக்கொண்டன, விரைகள் மட்டும் அழிந்துபோயின. இது 1956 இல். அடுத்த ஆண்டே பாரிஸெக் இன்னொன்றைக் கண்டார்: துத்தநாகமும் கொடுத்தால் அந்த அழிவு நிகழவில்லை. 1960 இல் இந்தியாவில் கர் என்ற ஆய்வாளரின் குழு, செலினியமும் அதே காவலைத் தருகிறது என்று காட்டியது.

கட்மியம் விரைக்குள் எப்படி நுழைகிறது? தனிம அட்டவணையில் துத்தநாகத்துக்கு நேர் கீழே இருப்பது கட்மியம். உருவிலும் குணத்திலும் அவ்வளவு ஒற்றுமை. துத்தநாகத்தை உள்ளே எடுப்பதற்கென்று கலத்தின் தோலில் இருக்கும் புரத வாசல்கள் கட்மியத்தையும் அனுமதித்துவிடுகின்றன. விரையின் இரத்தக் குழாய்களில் இப்படி ஒரு வாசல் இருப்பது 2005 இல் எலிகளில் தெரியவந்தது. அந்த வாசல் அங்கே செயல்படாத எலி இனங்களின் விரைகளைக் கட்மியத்தால் அசைக்க முடியவில்லை.

மனித விரைக்குள் நடக்கும் வேலையோ மலைக்க வைப்பது. நூல் பருமனான குழாய்கள், நீட்டி வைத்தால் சில நூறு மீட்டர். நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் விந்தணுக்கள் அங்கே உருவாகின்றன; ஒவ்வொன்றும் உருவாகி முடிய இரண்டரை மாதமளவில் ஆகிறது. சாதாரணக் கலமொன்றின் மரபுநூலை நீட்டினால் இரண்டு மீட்டர். அதில் பாதி, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு நீளமான விந்தணுத் தலைக்குள் அடைக்கப்படுகிறது. இப்படி இறுக்கிக் கட்டும் புரதத்துக்குப் புரோட்டமின் என்று பெயர். மனிதரில் அந்தக் கட்டை உறுதியாக்குவதும் துத்தநாகம்தான். அதன் இடத்தில் ஈயம் வந்து உட்கார்ந்தால் கட்டுக் குலைகிறது.

மிச்ச அழிவைச் செய்வது ஒட்சிசன். இந்த உலோகங்கள் உள்ளே புகுந்ததும், கண்டதையெல்லாம் தாக்கும் வினைமிகு ஒட்சிசன் பெருகுகிறது. விந்தணுவின் மேல்தோல் எளிதில் கெடும் கொழுப்பால் ஆனது. பழைய எண்ணெய் காறிப்போவது போல அது காறிப்போகிறது. மற்றக் கலங்கள் காவல் நொதிகளைச் சேர்த்து வைத்திருக்கும். நீந்துவதற்காக உடம்பைக் குறைத்துக்கொண்ட விந்தணுவுக்கு அவற்றை வைக்க இடம் போதாது.

செடிகள் இந்த ஆபத்தை நம்மைவிட நன்கு அறியும். நச்சு மண்ணைவிட்டு அவற்றால் ஓட முடியாதே. கட்மியத்தைக் கந்தகத்தால் பிடித்துப் பூட்டும் ஃபைற்றோகெலற்றின் என்ற சிறு புரதச் சங்கிலிகளைச் செடிகள் தாமே செய்கின்றன. இதை 1985 இல் மியூனிக் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தச் சங்கிலி நம் வயிற்றில் செரித்துப்போய்விடும். ஆனால் முருங்கையிலையிலுள்ள குவர்செற்றின் போன்ற பொருள்களில் ஒரு பகுதி இரத்தம் வரை போகிறது. அதன் மூலக்கூறில் அடுத்தடுத்து இரண்டு ‘கைகள்’ உண்டு. வினைமிகு ஒட்சிசனுக்கு இலத்திரன் கொடுத்து அதை அடக்குவதும் அந்தக் கைகளே. உலோகத்தைக் கவ்விப் பிடிப்பதும் அவையே. ஈயமோ கட்மியமோ கொடுத்த எலிகளில் முருங்கையிலை, உள்ளி, மஞ்சள் ஆகியவற்றின் சாறுகளைச் சோதித்த பல ஆய்வுகளில் விந்தணு எண்ணிக்கையும் நீந்தும் வேகமும் ஓரளவு மீண்டன.

உடனே சாறு வடிக்கத் தொடங்க வேண்டாம். அந்த ஆய்வுகள் பலவற்றில் சாறு உலோகத்துக்கு முன்போ கூடவோ கொடுக்கப்பட்டது. பல ஆண்டுகள் மெல்ல மெல்லச் சேர்ந்த நஞ்சின் கதை வேறு. செறிவாக்கிய சாறும் நம் வீட்டு முருங்கையிலை வறையும் ஒன்றல்ல. செடியிலிருந்து வந்தது என்றாலே நன்மை என்றும் இல்லை: பப்பாளி விதைச் சாறு ஆண் எலிகளின் கருவளத்தைக் குறைத்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தின் பேர்போன இன்னொரு இலையும் உண்டு. மண்ணிலுள்ள கட்மியத்தை இலையில் சேர்த்து வைப்பதில் புகையிலை கெட்டிக்காரச் செடி. ஒரு சிகரெட்டில் 1 முதல் 2 மைக்ரோகிராம் கட்மியம் இருக்கும். புகைப்பவரின் இரத்தத்தில் அது மற்றவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகம். உடம்பில் சேர்ந்த கட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். வறை சாப்பிட்டுவிட்டுச் சுருட்டுப் பற்றவைப்பவருக்கு முருங்கை என்ன செய்ய முடியும்?

பழைய பற்றரி உடைப்பவர், வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பவர், பழைய பெயின்ற் சுரண்டுபவர் யாராயினும் பிள்ளை தங்கவில்லையென்று வைத்தியரிடம் போகும்போது செய்யும் தொழிலையும் புகைப் பழக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஈயத்தின் அளவை இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். மனைவியை மட்டும் சோதனைக்கு அனுப்பிவிட்டு வெளியே காத்திருக்காதீர்கள்.