பழைய வண்டி வாங்கியோர் முதலில் செப்பனிட வேண்டியது

பதினைந்து ஆண்டுகள் ஓடித் தேய்ந்த ஸ்பிளெண்டர் ஒன்றையோ, யாரோ ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் தூசியடைந்து கிடந்த டி.வி.எஸ். விக்டர் ஒன்றையோ சொற்பக் கிரயத்துக்கு வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசலில் சாக்கை விரித்துப்போட்டு, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, பிளக்கை உப்புத்தாளால் தேய்த்து, செயினைச் சரிபார்த்து, அதற்கு மறுபடி உயிர் கொடுக்கும் இளைஞர்கள் நம் ஊர்களில் பெருகி வருகிறார்கள். அவர்களுடைய சிரத்தையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தச் சிரத்தை முழுவதும் இரும்போடு நின்றுவிடுகிறது. வண்டி யார் பேரில் இருக்கிறது என்று கேட்டால், "பழைய ஓனர் பேர்லதான் சார் இருக்கு, ஃபாரத்துல கையெழுத்து வாங்கி வெச்சிருக்கேன்" என்று சற்றும் கூச்சமின்றிப் பதில் வருகிறது. இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன பிறகே இதை எழுதத் துணிந்தேன்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு இவ்விஷயத்தில் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. மாநிலத்துக்குள் வண்டியை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் என்ன நேரும் என்பதை நவீன்குமார் எதிர் விஜயகுமார் வழக்கில் 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணுக்கு உரிமையாளர், விபத்து நஷ்டஈட்டுக்கும் அவரே பொறுப்பாளி. தரகரிடம் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தவுடன் தம் சம்பந்தம் தீர்ந்ததென்று நம்பியிருந்த மனிதர், தாம் முகமே அறியாத ஒருவன் எங்கோ செய்த விபத்துக்காகத் தீர்ப்பாயத்தின் அழைப்பாணையைக் கையில் வாங்கி விழிப்பது இன்று சர்வசாதாரணமாகிவிட்டது.

வாங்கியவருக்கும் நஷ்டம் உண்டு. பிறர் பேரில் உள்ள வண்டியை ஓட்டிச் சென்று எதிராளிக்குக் காயம் விளைவித்தால் மூன்றாம் நபர் காப்பீடு ஒருவாறு துணைநிற்கும். 157-ஆம் பிரிவின்படி அது வண்டியோடு கூடவே கைமாறியதாகக் கருதப்படும். ஆனால் உரிமையாளர்-ஓட்டுநருக்கென்று பாலிசியோடு சேர்ந்து வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, பதிவேட்டிலும் பாலிசியிலும் பெயருள்ளவருக்கே உரியது. வாங்கியவர் இறந்துபோனால் அவர் குடும்பத்தாருக்கு அதிலிருந்து ஒரு காசும் பெயராது. எனவே வண்டி கைக்கு வந்த 14 நாட்களுக்குள், பாலிசியைத் தம் பேருக்கு மாற்றித் தரும்படி காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்துவிட வேண்டும்.

பெயர் மாற்றத்துக்கு வேண்டிய காகிதங்கள் அப்படியொன்றும் மலையைப் புரட்டும் காரியமல்ல. விற்றவர் கையொப்பமிட்ட ஃபாரம் 29 இரண்டு பிரதி, இருவரும் கையொப்பமிட்ட ஃபாரம் 30, அசல் பதிவுச் சான்று (ஆர்.சி.), நடப்பிலுள்ள காப்பீடு, புகைச் சான்று, வாங்குபவரின் முகவரிச் சான்று, பான் அட்டை அல்லது ஃபாரம் 60 ஆகியவற்றோடு, வாங்குபவர் குடியிருக்கும் எல்லைக்குரிய அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் இன்னும் இருந்தால், கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது என்ற வாய்ச்சொல் பயன்படாது. அந்நிறுவனத்தின் முத்திரையோடு ஃபாரம் 35-ம் தடையில்லாச் சான்றும் வேண்டும். வேறு மாநிலத்து வண்டியானால் ஃபாரம் 28. ஆர்.சி. தொலைந்திருந்தால், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கை பெற்று, ஃபாரம் 26-ல் நகல் கேட்கலாம். கேட்க வேண்டியவர் பதிவேட்டிலுள்ள உரிமையாளர். ஆகவே அவர் ஊரைவிட்டுப் போவதற்கு முன் இதை முடித்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் இறந்துபோயிருந்தால், அவர் மகன் விற்றான் என்பது கிரயமாகாது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்து ஃபாரம் 31 மூலம் முதலில் வாரிசின் பேருக்கு மாற்றி, அதன் பிறகே வாங்க வேண்டும்.

விற்பவருக்கு ஒரு வார்த்தை. தேதியிடாத, வாங்குபவர் பெயரெழுதாத வெற்று ஃபாரத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். தரகர் பல்லிளித்துக்கொண்டு, "நான் பாத்துக்கறேன்ணே" என்பார், அவர் பார்த்துக்கொள்வதில்லை. வண்டியை ஒப்படைத்த தேதி, நேரம், வாங்கியவரின் அடையாள அட்டை நகல் ஆகியவற்றைச் சேர்த்து, ஃபாரம் 29-ஐ நீங்களே அலுவலகத்தில் கொடுத்து முத்திரை பெறுங்கள். அல்லது ஒப்புகையோடு கூடிய தபாலில் அனுப்புங்கள். பழைய வண்டி வியாபாரி ஒருவரிடம் விற்பதானால், அவர் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் அமலிலுள்ள விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டி ஒப்படைக்கப்பட்டது ஃபாரம் 29-சி மூலம் தெரிவிக்கப்பட்டுவிட்டால் பொறுப்பு அவரைச் சேரும். மறுபடியும் சொல்கிறேன்: வெற்று ஃபாரத்தில் கையெழுத்து வேண்டாம்.

இனி வாசலில் நடக்கும் வேலைக்கும், அதைச் சோதிக்கும் ஆய்வுக்கும் வருவோம். பதினைந்து ஆண்டு முடிந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்க ஃபாரம் 25-ல் விண்ணப்பித்து, ஜனங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் முன் வண்டியை நிறுத்த வேண்டும். பதிவுக்காலம் முடிவதற்கு 60 நாட்களுக்கு முன்னரே விண்ணப்பம் போடலாம். புதுப்பித்தால் மேலும் ஐந்தாண்டுகள் கிட்டும். ஆய்வாளர் முதலில் குனிந்து பார்ப்பது இன்ஜினை அல்ல, சேஸிஸ் எண்ணை. பெரும்பாலான வண்டிகளில் ஹேண்டில்பார்த் தண்டு நுழைகிற கழுத்துக்குழாயின் பக்கத்தில் அது குத்தப்பட்டிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்து, மெல்லிய தாளை அதன்மேல் அழுத்தி வைத்து, பென்சிலின் பக்கவாட்டால் மெதுவாகத் தேய்த்தால் எழுத்தும் எண்ணும் ஒவ்வொன்றாக வெண்மையாய் மேலெழும். இதைத்தான் சேஸிஸ் பிரிண்ட் என்கிறார்கள். வண்டிக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே இந்தப் பிரிண்டை எடுத்து ஆர்.சி.யோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டுவிடுவது உத்தமம்.

இங்கேதான் நம் இளைஞர்கள் விபரீதத்தை விலைக்கு வாங்குகிறார்கள். துருவைப் போக்கும் ஆர்வத்தில் சட்டகம் முழுவதையும் மணல் வீச்சுக்குக் கொடுத்து, பிறகு பவுடர் கோட்டிங்கும் செய்து, பளபளவென்று வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். எண் குத்திய இடம் பாதி தேய்ந்தும், மீதி பூச்சில் நிரம்பியும், விரலுக்குக்கூடத் தட்டுப்படாத நிலையில் இருக்கிறது. நேர்மையாக வாங்கிய வண்டி அந்தக் கணமே திருட்டு வண்டியின் சாயலைப் பெற்றுவிடுகிறது. அப்புறம் அது திருட்டு வண்டியல்ல என்று நிரூபிக்க அலைவது யார்? பெயிண்டருக்குக் கொடுப்பதற்கு முன் அந்த இடத்தில் நாடா ஒட்டி மறையுங்கள். உப்புத்தாளும் அங்கே படக்கூடாது. நிறம் மாற்றுவதும் விளையாட்டல்ல, ஆர்.சி.யில் எழுதப்பட்ட விவரங்களில் நிறமும் ஒன்றாகையால், கறுப்பு வண்டியைச் சிவப்பாக்க விரும்புவோர் அலுவலகத்தின் அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வேண்டும்.

இன்ஜின் பிடித்துப்போனால், பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னைப் புதுப்பேட்டைக்குப் போய் வேறொரு இன்ஜினை முழுதாக வாங்கிவந்து மாட்டிவிடும் வழக்கமும் இருக்கிறது. அதன்மேல் உள்ள எண் வேறு, ஆர்.சி.யில் உள்ள எண் வேறு. அலுவலக அனுமதியின்றிச் செய்யும் இத்தகைய மாறுதல் 52-ஆம் பிரிவுக்கு விரோதம். 182-ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாறுதலுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்த இன்ஜின் திருடப்பட்ட வண்டியிலிருந்து வந்ததானால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவும் குறுக்கே வரும். பழைய உதிரிபாகத்துக்கும் கடைப்பெயரோடு கூடிய பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லை என்பவரிடம் பிஸ்டன் வளையம்கூட வாங்க வேண்டாம்.

வேலை செய்யும்போது உடம்பைக் காத்துக்கொள்வது பற்றியும் சொல்லியாக வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, கியரைப் போட்டு, சுழல்கிற செயினைத் துணியால் பிடித்துத் துடைக்கிறவர்களை அநேகமாக எல்லாத் தெருக்களிலும் காணலாம். துணியின் நுனி பல்சக்கரத்தில் சிக்கினால் அதன் பின்னாலேயே விரலும் போகும்; கையை இழுத்துக்கொள்ள அவகாசம் கிடைக்காது. இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் செயினைத் துடைக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது துடைக்காதீர்கள். இதைப் பத்துத் தடவை சொன்னாலும் தகும். செயினின் தளர்ச்சியைக் கீழ்ப்பக்கத்தின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சாதாரண நூறு சி.சி. வண்டிகளில் சுமார் 25 மில்லிமீட்டர் அசைவு போதும். சக்கரத்தைச் சுற்றிப் பல இடங்களில் பார்த்து, மிக இறுக்கமாக உள்ள இடத்தில் அளப்பதே முறை.

பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் வயரை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாளுங்கள். பிரேக் டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதும் பழக்கத்தை விடுங்கள். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருந்திருக்கலாம், அத்தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தால் போதும். இப்போது பம்புகளில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களுக்கு ஆகாது. வளைத்துப் பார்க்கும்போது வெடிப்புத் தெரிந்தால் தாமதியாமல் மாற்றிவிடுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டுவது கௌரவமான காரியமல்ல, சட்டப்படியும் குற்றம். கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க் ஷாப்பில் கொடுங்கள். பழைய பேட்டரியைப் புதியது விற்கும் கடையிலேயே ஒப்படைக்கலாம்.

வீட்டில் முடியாத வேலைக்கு மெக்கானிக்கிடம் போனால், கழற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் கேட்டு வாங்கி வையுங்கள். பணம் வாங்கிக்கொண்டு கெடுத்தவர் மீது இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதானால் கட்டணமே இல்லை. முதலில் 1915 என்ற எண்ணுக்குச் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் பில் இல்லாதவர்களுக்கு ஆணையத்தில் வாதாட என்ன இருக்கிறது?

கடைசியாக, உத்தியோகஸ்தர்கள். எல்லாக் காகிதமும் சரியாக இருந்தும் "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டு, வாசலில் நிற்கும் தரகரைப் பார்வையாலேயே சுட்டிக்காட்டும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே சண்டையிட்டுப் பிரயோஜனமில்லை. விண்ணப்பத்தின் ஒப்புகை எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, அது எந்த அலுவலரிடம் எந்தத் தேதியிலிருந்து நிலுவையில் உள்ளது, தாமதத்துக்குக் கோப்பில் எழுதப்பட்டுள்ள காரணம் என்ன என்ற இரண்டு கேள்விகளை மட்டும் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவ்வலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தபாலில் அனுப்புங்கள். முப்பது நாட்களில் பதில் தந்தாக வேண்டும்; தராவிட்டால் அடுத்த முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு உண்டு. மனுவின் நகலையும் தபால் ரசீதையும் ஆர்.சி. வைத்திருக்கும் அதே உறையில் போட்டு வையுங்கள்.